தாகத்துக்குக் காய்ச்சிய கைப்பு
பண்ணை ஏல் காய்ச்சும் விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், உணவுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சுவரை மாத்திரம் இடையில் நிறுத்தி, அதற்கு அப்பால் எஃகுக் கொப்பரைகளையும் தொட்டிகளையும் வரிசையாக வைத்து, தாமே பீர் காய்ச்சித் தாமே அதை விற்கிற விடுதிக்காரர்களாகிய உங்களுக்கு, உங்களிலும் விசேஷமாக, பெல்ஜிய நாட்டுப் பண்ணை ஏல் என்ற பீர் வகையில் ஹாப்ஸ் பூவின் மணத்தைத் தாராளமாக ஏற்றி, ‘ஸேஸோன்’ என்ற பிரெஞ்சுப் பெயரைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி வைக்கிறவர்களுக்கு, இந்த மடல்.

நீங்கள் படிக்கும் மொழியில் நான் இதை எழுதவில்லை. மரியாதைக் குறைவென்று எண்ண வேண்டாம். கணக்கு வழக்கையும் பிரயாண விவரங்களையும் ஆங்கிலத்தில் எழுதி எனக்குப் பழக்கம் உண்டு. ருசியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும், சிறு வயதில் சுண்டைக்காய் வற்றலையும் வேப்பம்பூ ரசத்தையும் நெல்லிக்காயையும் எந்த மொழியில் பெயர் சொல்லிக் கேட்டு உண்டேனோ அந்த மொழியைத் தவிர வேறொன்று எனக்குக் கைகொடுப்பதில்லை. உங்கள் ஊருக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில், கணிப்பொறிச் சில்லு செய்யும் தொழிற்சாலைகளை அண்டி வாழும் தமிழர் பலர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர்களில் சிலரையேனும் உங்கள் மேசைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் யாரேனும் ஒருவர் இதைப் படித்து உங்களுக்குச் சொல்லட்டும். சொல்லும்போது என் குறைகளைச் சற்று மெதுவாகவும் பாராட்டைச் சற்று உரக்கவும் சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அங்கே உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன்தான் உங்களில் ஒருவருடைய விடுதிக்கு என்னை அழைத்துப் போனவன். செப்டம்பர் மாதக் கடைசி. அன்று காலையில் வில்லமெட் பள்ளத்தாக்கின் வழியாகக் காரில் வந்தபோது, பதினெட்டடி உயரக் கம்பங்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஏறி நின்ற ஹாப்ஸ் கொடிகளை வேரடியில் வெட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க தேசத்திலேயே மிகுதியாக ஹாப்ஸ் விளைந்த பூமி இது. பிற்பாடுதான் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கு இதை முந்திக்கொண்டது. சாலையோரத்தில் வண்டியிலிருந்து உதிர்ந்து கிடந்த ஒரு பூங்குலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பச்சைச் செதில்களுக்கு அடியில், மகரந்தம் போன்ற மஞ்சள் பொடி பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டது. கைப்பும் மணமும் சேர்ந்து குடியிருப்பது அந்தப் பொடியில்தான். சோப்பிட்டுக் கழுவியும் மாலைவரையில் அந்த வாசனை கையை விட்டுப் போகவில்லை; விடுதிக்குள் நுழைந்தபோது அதை என் கையோடேயே கொண்டு போனேன் என்று சொல்ல வேண்டும்.

பலகையில் பதினொரு பெயர்கள் இருந்தன. என் மருமகன் அவற்றைப் படித்துக்கொண்டே வந்து, பண்ணை ஏல் என்று எழுதியிருந்த இடத்தில் சற்றுத் தயங்கி, “மாமா, இது கொஞ்சம் கசக்கும், உங்களுக்கு வேறு ஏதாவது சொல்லட்டுமா?” என்றான். பாகற்காயை உப்பில் பிசறிச் சாறெல்லாம் பிழிந்தெறிந்துவிட்டுச் சமைக்கிற வீட்டில் நான் வளரவில்லை என்று அவனுக்கு ஞாபகப்படுத்தி, அதையே கொண்டுவரச் சொன்னேன். வண்டி ஓட்ட வேண்டியவன் ஆனபடியால் அவன் தனக்கு எலுமிச்சை நீர் வாங்கிக்கொண்டான்.

முதல் மிடறில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குவளையை உறைபெட்டியில் வைத்திருந்து எடுத்து வந்திருந்தார்கள். அதன் வெளிப்புறத்தில் வெண்பனி பூத்திருந்தது. நாக்கு மரத்துப் போயிற்றே ஒழிய, ருசி என்று ஒன்று அதன்மேல் வந்து உட்காரவில்லை. என் முதற் குறை இதுவே ஆகையால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு டிகிரிச் சூட்டில் வாயைத் திறந்து பேசுகிற ஒரு பானத்தை, நீர் உறையும் நிலைக்குக் கொண்டுபோய் ஊமையாக்கிக் கொடுப்பது, சங்கீத வித்துவான் ஒருவரை வரவழைத்து அவர் வாயில் ஐஸ் கட்டியைத் திணித்துவிட்டுப் பாடச் சொல்வதற்குச் சமானம். இரண்டு உள்ளங்கைகளாலும் குவளையை அணைத்துக்கொண்டு, வழியில் பார்த்த வயல்களைப் பற்றி மருமகனோடு பேசியபடியே, கால் மணி நேரம் அதைக் காத்துக் கிடந்தேன்.

காத்ததற்குக் கைமேல் பலன் கிடைத்தது. நிறம், முற்றிய எலுமிச்சம்பழத்தின் மஞ்சளுக்கும் புதுத் தேனின் பொன்னுக்கும் இடைப்பட்டது. வடிகட்டாமல் விட்டிருந்தபடியால், இளநீரில் வழுக்கையைக் கரைத்தாற்போல ஒரு மெல்லிய கலக்கம். நுரை சீக்கிரம் அடங்காமல், நான் குடிக்கக் குடிக்கக் கண்ணாடியின் உட்புறத்தில் வளையம் வளையமாகப் படிந்து, எத்தனை மிடறு உள்ளே போயிற்று என்று கணக்கு எழுதிக்கொண்டே இறங்கிற்று. வாசனையில் முன்னே வந்து நின்றது நாரத்தை. நாரத்தம்பழம் அன்று, இலை. இலையின் நடுநரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு உரலில் இட்டு இடிக்கும்போது சமையற்கட்டு முழுவதும் பரவுமே, அந்தப் பச்சை வாசனை. அதற்குப் பின்னால் பழுக்கத் தொடங்கிய கொய்யா ஒன்று எங்கோ மறைவாக இருந்தது. குவளை இன்னும் சற்று இளகியதும் நாரத்தை ஓரமாக ஒதுங்கி வழிவிட, மிளகு வந்தது. அம்மியில் ஒன்றிரண்டாக நுணுக்கிய மிளகு. அதை ஒட்டிக் கிராம்பின் சாயை. எல்லாவற்றுக்கும் அடியில், நனைந்து பிறகு வெயிலில் காய்ந்த வைக்கோற்போரின் வெதுவெதுப்பு.

வாயில் இட்டபோது தித்திப்பு வரும் என்று நாக்கு எதிர்பார்த்த இடத்தில் அது இல்லை. முளைகட்டிய பார்லியின் மாவுச் சுவை ஒரு கணம் தலைகாட்டிவிட்டு மறைய, குமிழிகள் நாக்கின் மேல் ஊசிமுனைகளாக நடந்து போக, கடைநாக்கில் கைப்பு எழுந்தது. நான் அஞ்சியதுபோல் அது அறைந்து விழவில்லை. நெய்யில் வறுத்த வேப்பம்பூவின் கைப்பைப் போல நிதானமாக வந்து, நீண்டு நின்று, கடைசியில் நெல்லிக்காய் தின்றவன் தண்ணீர் குடிக்கும்போது தோன்றுகிற அந்த அகாரணமான தித்திப்பை விட்டுவிட்டுப் போயிற்று. வாய் சுத்தமாகிவிட்டது, சுத்தமான வாய் மறுபடியும் கேட்டது. அன்று நான் அந்தக் குவளையோடு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தேன். குவளை அரை லிட்டருக்கும் குறைவு. பலகையில் கண்டபடி சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு.

இந்த அளவோடு திரும்பியிருந்தால் மடல் எழுதும் பிரமேயமே இல்லை. எனக்கு வலப்பக்கத்து உயர நாற்காலியில் நரைத்த தாடியோடு ஒரு பெரியவர் இருந்தார். வீட்டில் பீர் காய்ச்சுவதை ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்டுச் சட்டபூர்வமாக்கிய நாளிலிருந்து தாம் வீட்டிலேயே காய்ச்சி வருவதாகச் சொன்னார். என் குவளையைப் பார்த்து, “நல்ல பீர்தான், ஆனால் இதற்கு ஸேஸோன் என்று பெயர் வைத்தது தப்பு. ஸேஸோன் என்பது ஈஸ்டின் சொத்து. ஹாப்ஸைக் கொண்டுவந்து கொட்டிவிட்டால் அது அமெரிக்கப் பீர், அவ்வளவுதான்” என்றார். உங்களில் பலரும் இந்த அபிப்பிராயத்தைக் கேட்டுக் கேட்டு, பலகையில் அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் மனத்துக்குள் சிறிது கூசுகிறீர்கள் என்று அறிகிறேன். பெரியவரிடம் அன்று நான் பதில் சொல்லவில்லை. வயதில் மூத்தவர், அந்நியர், மேலும் அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றியதே இந்த மடல்.

பெல்ஜியத்தின் தென்பாதியாகிய வல்லோனியாவில், பிரான்சு தேசத்து எல்லையை ஒட்டிய எனோ மாகாணம் உங்கள் பீருக்குப் பிறந்தகம். அங்கே கோதுமையும் பார்லியும் விளைவிக்கிற குடியானவன், அறுவடைக் காலத்தில் கூலியாட்களை வைத்து வேலை வாங்கினான். அவர்களுக்கு உணவோடு பானமும் அவனே கொடுத்தாக வேண்டும். கோடையில் பீர் காய்ச்சினால் காற்றிலுள்ள கிருமிகள் விழுந்து புளித்துக் கெட்டுவிடும்; அறுவடை நாட்களில் காய்ச்ச ஆளும் கிடையாது. ஆகவே வயலில் வேலையற்ற குளிர்மாதங்களில் காய்ச்சி, பீப்பாய்களில் அடைத்து, கோடைவரையில் காப்பாற்றினான். காய்ச்சியபின் மிஞ்சிய சக்கை, புல் கிடைக்காத அந்தப் பருவத்தில் மாடுகளுக்குத் தீனியாயிற்று. ‘ஸேஸோன்’ என்றால் பருவம் என்றுதானே பொருள்! அந்தப் பழைய பீரின் சாராயச் சத்து இன்றுள்ளதில் பாதியளவே இருக்கும் என்பார்கள். நாளொன்றுக்குப் பல லிட்டர் குடித்துவிட்டு ஒருவன் அரிவாளைச் சரியாகப் பிடிக்க வேண்டுமானால் அதற்கு மேல் இருந்திருக்கவும் முடியாது. எங்கள் பக்கத்தில் பழையசோற்றின் நீராகாரத்தில் உப்பிட்டுக் குடித்துவிட்டு நாற்றங்காலில் இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். லேசாகப் புளித்த தானிய நீரைக் கொண்டு உழைப்பாளியின் தாகத்தைத் தீர்க்கலாம் என்ற அறிவு எந்த ஒரு தேசத்துக்கும் ஏகபோகம் அல்ல.

இந்த வரலாற்றை இவ்வளவு அழகாகச் சொல்வதில் எனக்கே சிறிது சங்கோசம் உண்டு. கூலிக்காரர் குடித்த பானத்தைப் பற்றி எவரும் அக்காலத்தில் விரிவாக ஏடெழுதி வைக்கவில்லை. புருஸ்ஸெல்ஸ் நகரத்தில் ‘பிராஸ்ஸரி த லா ஸென்’ என்னும் மதுச்சாலையை நண்பரோடு சேர்ந்து நிறுவிய இவான் த பேட்ஸ், பழைய நூல்களைத் துருவி எழுதிய கட்டுரை ஒன்று, ஃபில் மார்க்கௌஸ்கி 2004-இல் வெளியிட்ட பண்ணை ஏல் பற்றிய புத்தகத்தில் இடம் பெற்றிருக்கிறது. பழைய ஸேஸோன் புளித்திருக்கும், அல்லது கைத்திருக்கும், அல்லது இரண்டுமாக இருக்கும் என்பது அவர் கண்ட முடிவு. அதைப் படித்த நாளிலிருந்து, நரைத்தாடிப் பெரியவரின் வாதத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

காரணம் எளிது. குளிர்காலத்தில் காய்ச்சியது கோடைவரையில் கெடாமல் நிற்க வேண்டுமானால் ஹாப்ஸ் வேண்டும். அந்தப் பூவுக்குப் பீரைக் கெடாமல் காக்கும் குணம் உண்டு என்பதை ஜெர்மானியத் துறவினி ஹில்டகார்ட் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தார். இன்றைய ரசாயன நூல் சொல்வதும் அதுவே: பூவிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள், கொப்பரையில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கொதிக்கும்போது உருமாறி நீரில் கரைகின்றன; கைப்பும் அவற்றால் வருகிறது, பாலைத் தயிராக்கும் இனத்துக் கிருமிகள் பீரில் தலையெடுக்காமல் இருப்பதும் அவற்றாலேயே. ஆகவே எனோ மாகாணத்துக் குடியானவன் கொப்பரையில் ஹாப்ஸை இட்டது வாசனைக்காக அல்ல. ஊறுகாயில் நாம் உப்பிடுவது எதற்கோ அதற்காக. உப்பு மிகுந்த ஊறுகாயை ஊறுகாய் அல்ல என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கைப்பு மிகுந்த ஸேஸோனும் அப்படியே தன் குலத்தைச் சேர்ந்தது. பலகையில் அந்தப் பெயரை எழுத நீங்கள் கூச வேண்டியதில்லை.

உங்கள் பங்காளிகள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. எனோ மாகாணத்தில் டூர்ப் என்ற கிராமத்தில், 1844-ஆம் ஆண்டு முதற்கொண்டு பண்ணையோடு சேர்ந்து நடந்து வந்த மதுச்சாலை ஒன்று உண்டு. லூயி டுப்போன் என்ற இளைஞர் கனடாவுக்குக் கப்பலேறி விவசாயம் செய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மகனை ஊரிலேயே நிறுத்திவைக்கும் பொருட்டு அவருடைய தந்தையார் 1920-இல் அதை விலைக்கு வாங்கிக் கொடுத்தார். (பிள்ளை வெளிநாடு போகாமல் இருக்க நிலம் வாங்கிக் கொடுத்த தகப்பன்மாரை நான் அறிவேன்; மதுச்சாலை வாங்கிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.) ‘ஸேஸோன் டுப்போன்’ என்று உலகம் இன்று இந்த ஜாதிக்கே இலக்கணமாகக் கொள்கிற பீர் அங்கே பிறந்தது, ஆறரைப் பங்கு சாராயச் சத்து உடையது. கொப்பரைக்கு அடியில் நேரே தீயெரித்துக் காய்ச்சி, கனத்த புட்டிகளில் அடைத்து, அவற்றைப் படுக்கைவாட்டில் அடுக்கி, வெப்ப அறையில் வாரக்கணக்கில் மறுபடியும் நொதிக்க விடுகிறார்கள். சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் உள்ளூர்க்காரர்கள் இதை மறக்கத் தொடங்கியிருந்த சமயத்தில், மைக்கேல் ஜாக்ஸன் என்ற ஆங்கிலேயர் (பாடகர் வேறு, இவர் பீரைப் பற்றி எழுதியவர், 1977-இல் உலகத்துப் பீர்கள் பற்றிய தம் பெரிய கையேட்டை வெளியிட்டவர்) இத்தகைய பெல்ஜியப் பீர்களின் பெருமையைக் கடல் கடந்து பரப்பினார், அமெரிக்க இறக்குமதியாளர்கள் பின்தொடர்ந்தார்கள், அதற்கு மறுவாழ்வு உங்கள் தேசத்து வாடிக்கையால் வந்தது என்றால் மிகையாகாது. அந்த வீட்டாரே, 2010 முதற்கொண்டு, காய்ச்சி நொதித்த பீரில் மறுபடியும் உலர்ந்த ஹாப்ஸைப் போட்டு ஊறவைத்த தனி வகையொன்றை, வகைவகையான ஹாப்ஸை ஆண்டுக்கு ஒன்றாக மாற்றி வெளியிட்டு வருகிறார்கள். பிறந்த வீட்டில் நடப்பதைப் புகுந்த வீட்டில் செய்தால் குற்றமா?

பெரியவர் சொன்ன உண்மைப் பாதிக்கு வருகிறேன். ஈஸ்டின் மகத்துவத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆனாலும் இந்த மடலை ஒட்டுக்கேட்கும் தமிழர்களின் பொருட்டுச் சொல்ல வேண்டும். மற்ற ஏல்களை இருபது டிகிரியை ஒட்டி நொதிக்க வைக்கிற நீங்கள், இந்த ஈஸ்டை மட்டும் முப்பதுக்கு மேலும் ஏறவிடுகிறீர்கள். மற்ற ஏல் ஈஸ்டுகளில் பெரும்பாலானவை அந்தச் சூட்டில் நாற்றமடித்துவிடும், இது மிளகும் பழமும் கமழ்கிறது. எனக்குக் கிடைத்த அந்த மிளகு, மிளகே இல்லாத பீரில் ஈஸ்ட் செய்து வைத்தது. (டூர்ப்புக்கு அண்டையிலுள்ள பிப்பே கிராமத்தில், நீராவி எந்திரத்தை இன்றும் ஓட்டிக் காய்ச்சுகிற பழைய மதுச்சாலை ஒன்றில், மெய்யாகவே மிளகைப் போடுகிறார்கள், அது வேறு கதை.) இந்த ஈஸ்டுகளில் பல, ‘டயஸ்டேட்டிகஸ்’ என்னும் கிளையைச் சேர்ந்தவை; சாதாரண ஈஸ்டு தொடாமல் விட்டுவிடும் மாவுச் சர்க்கரையையும் அறுத்துத் தின்று, சர்க்கரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் காலி செய்துவிடுகின்றன. பெரிய ஆலைகளில் இது புகுந்தால் புட்டிகள் வெடிக்கும், மகாமாரி வந்ததுபோல் எல்லாரும் அலறுவார்கள். உங்கள் வீட்டில் அதற்கு ராஜோபசாரம். நாக்கு தேடிய தித்திப்பு அன்று எனக்குக் கிட்டாமற் போனதற்கு இந்தப் பெருந்தீனிக்காரனே காரணம். கைப்பு மறைவின்றித் தெரிந்ததும் அவனாலேதான்.

ஹாப்ஸும் ஈஸ்டும் பெரியவர் நினைத்தபடி ஒன்றையொன்று விரட்டுகிற சக்களத்திகள் அல்ல. உலர்ந்த ஹாப்ஸை நொதித்த பீரில் போட்டால், அடங்கிய நொதிப்பு மறுபடியும் கிளம்புவதைப் பிரௌன், மாரிஸ் என்ற இரண்டு ஆங்கில ரசாயனிகள் 1893-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். மாவுச் சர்க்கரையை உடைக்கிற பொருள் ஹாப்ஸிலேயே கொஞ்சம் இருக்கிறது. அதாவது, உங்கள் ஈஸ்ட் எந்த வேலையைச் செய்கிறதோ அதே வேலைக்கு ஹாப்ஸும் ஒரு கை கொடுக்கிறது. பதிலுக்கு ஈஸ்ட் ஹாப்ஸின் மணத்தைத் திருத்தி எழுதுகிறது. ரோஜா வாசனை தரும் ஜெரானியாலை எடுத்து, எலுமிச்சை வாசனை தரும் சிட்ரனெல்லாலாக மாற்றிவிடுகிறது. என் குவளையில் போட்டிருந்தது கேஸ்கேட் என்ற வகை என்று பணிப்பெண் விசாரித்துவந்து சொன்னாள். உங்கள் மாநிலத்திலேயே, கார்வாலிஸில், அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணை வளர்த்தெடுத்து 1972-இல் வெளியிட்ட ஹாப்ஸ் அது, ஜெரானியால் நிரம்பியது. எனக்குத் தோன்றிய நாரத்தையிலை, பூவில் பாதியும் தொட்டியில் பாதியுமாகப் பிறந்தது என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இவ்வளவு பாராட்டியவனுக்குக் குறை சொல்ல உரிமை உண்டு. அந்த ஒரு விடுதியோடு நான் நிற்கவில்லை. மறுவாரம் உங்களில் இன்னும் நால்வருடைய ஸேஸோனைச் சுவைத்தேன். அவற்றில் இரண்டில், கொப்பரையில் ஹாப்ஸை இட்டுக் கொதிக்கவைக்கும் சிரமத்தைப் பெயரளவுக்குச் செய்துவிட்டு, மூட்டை மூட்டையாகத் தொட்டியில் கொட்டியிருந்தார்கள். மூக்கின் அருகில் கொண்டு போனால் மாம்பழமும் அன்னாசியும் ஊர்வலம் வருகின்றன. வாயில் விட்டால் ஒன்றுமில்லை. வாசனை மட்டும் தொங்குகிறது. சந்தனக்கட்டையைக் கல்லில் இழைப்பதற்குப் பதிலாகத் தைலத்தைத் தெளித்துவிட்டதுபோல் இருந்தது. கொதியிலே இறங்கின கைப்புத்தான் இந்தப் பீருக்கு முதுகெலும்பு. லிட்டருக்கு முப்பது மில்லிகிராம் அளவுக்காவது அது இருந்தால், மேலே எந்தப் பூவை வேண்டுமானாலும் சூட்டுங்கள், சுமக்கும்.

மூன்றாவது ஒன்று எட்டரைப் பங்கு சாராயச் சத்து உடையதாக இருந்தது. அதைக் குடித்துவிட்டு எவனும் அறுவடைக்குப் போகமாட்டான். அறுவடை செய்யப்பட்டவனாகத்தான் கிடப்பான். உங்கள் ஊரில் அரிவாள் பிடிப்பவர் யாரும் உங்கள் விடுதிக்கு வருவதில்லை என்று நீங்கள் சொல்லலாம்; வாஸ்தவம். ஆனாலும், பெயரை அவர்களிடம் கடன் வாங்கியிருக்கிறோம். தாகத்தை மட்டும் மறந்துவிடுவது நியாயம் அன்று. நாலரை, ஐந்து, மிஞ்சினால் ஆறு. இந்த எல்லைக்குள் காய்ச்சிப் பாருங்கள். சத்துக் குறைந்தால் ருசி குறையும் என்பவர்களுக்கு, த பேட்ஸ் தம் மதுச்சாலையில் செய்கிற ‘தராஸ் புல்பா’ என்ற பீரை ஒரு குவளை வாங்கிக் கொடுங்கள். நாலரைப் பங்குதான், ஹாப்ஸின் கைப்பு அதில் எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று அவர்களே தெரிந்துகொள்வார்கள்.

நாலாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருந்தது.

பலகையைப் பற்றி ஒரு சிறு விண்ணப்பம். ஒவ்வொரு பீரின் பெயருக்கும் எதிரே நீங்கள் அடுக்குகிற விசேஷணங்களால், ‘சாறு நிறைந்தது’, ‘வெப்பமண்டலத்தது’, ‘துள்ளுவது’ என்பன போன்றவற்றால், படிக்கிறவன் எதையும் சுவைக்கும் முன்பே அவன் நாக்குக்கு யாரோ உரை எழுதிவிட்டாற்போல் ஆகிறது. அந்த இடத்தில் எந்த ஹாப்ஸ், எப்போது கொப்பரையில் விழுந்தது, எந்தத் தேதியில் தொட்டியில் விழுந்தது என்று எழுதுங்கள். ஹாப்ஸ் மணம் மாதக்கணக்கில் நிற்பதில்லை; ஒளியும் காற்றும் சூடும் அதைத் தின்றுவிடும். நாரத்தையிலை வேண்டுகிறவன் இரண்டு வாரத்துக்குள் வரட்டும். மணம் அடங்கி, மிளகும் வைக்கோலும் மட்டுமே எஞ்சிய நிலையை விரும்புகிறவன் (நான் அந்தக் கட்சியில் சேர்ந்துவிடுவேன் போலிருக்கிறது) இரண்டு மாதம் கழித்து வரட்டும். ஒரே பீரை இரண்டு பருவத்தில் இரண்டு விதமாக விற்கலாம், வியாபாரத்துக்கும் நல்லது.

இத்தனையும் காய்ச்சுகிறவர்களிடமே நேரே சொல்ல முடிவது பழைய வழக்கம் அல்ல. மதுவிலக்கு 1933-இல் நீங்கிய பின்னரும், காய்ச்சிய இடத்திலேயே விற்பதற்கு உங்கள் தேசத்தில் நெடுங்காலம் வழியில்லாமல் இருந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்த பெர்ட் கிராண்ட் என்பவர் 1982-இல் ஹாப்ஸ் வயல்கள் சூழ்ந்த யாக்கிமா ஊரில் அத்தகைய முதல் விடுதியைத் திறந்தார்; உங்கள் மாநிலத்துச் சட்டம் 1985-இல் இடம் கொடுத்தது. காய்ச்சுகிறவனும் குடிக்கிறவனும் ஒரு கண்ணாடிச் சுவருக்கு இருபுறமும் நின்று ஒருவரையொருவர் பார்க்கும்படியான சௌகரியம் பெரிய ஆலைக்காரனுக்கு வாய்க்காது. அன்று மாலை, நான் குவளையை உள்ளங்கையால் சூடாக்கிக்கொண்டிருந்ததை, தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டார். சிறிது நேரத்தில் கைகளைத் துடைத்தபடியே வெளியே வந்து, “அதை அப்படிக் குளிர வைத்துக் கொடுக்கக் கூடாதென்று எனக்கும் தெரியும், வாடிக்கைக்காரர்கள் கேட்கிறார்கள்” என்று, குரலைத் தாழ்த்தி, ஏதோ குடும்ப ரகசியம்போலச் சொன்னார். பிறகு உறைபெட்டியில் வைக்காத சாதாரணக் குவளை ஒன்றில், கால் பங்கு அளவுக்கு, தொட்டியிலிருந்தே பிடித்துவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அவர் கேட்காமலே கொடுத்தது போல, கேட்கிறவர்களுக்காவது அந்தச் சாதாரணக் குவளையைக் கொடுப்பதற்கு உங்கள் விடுதிகளில் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். அடுத்த செப்டம்பரில், ஹாப்ஸ் அறுக்கிற சமயம் பார்த்து, என் மருமகன் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் உயர நாற்காலி ஒன்றில்
இரண்டு மணி நேரம் இடம் அடைத்திருந்தவன்